கொற்கைத் துறையில் ஒன்பது குறை

தேவதாசன்: …அதச் சொல்லல. கரண்டு போனதும் நல்லதுக்குத்தான்னு சொன்னேன். இல்லன்னா மறுபடியும் அந்தப் பாண்டியன் காலத்துக்குப் போயி முத்துக் கள்ளனத் தேடிக்கிட்டுக் கெடக்கணும்.

சங்கிலி: நானா தேடச் சொன்னேன்? வந்து உக்காந்ததும் நீயாத்தான் ஒன்கிட்ட இருக்க பிளாப்பியப் போட்டு என் கேமத் தொறந்த.

தேவதாசன்: கைப்பழக்கம்.

சங்கிலி: பழக்கமா? அரை மணி நேரந்தான் வெளையாடினேன்னு நீதான சொன்ன?

தேவதாசன்: சவத்த விடு. என்னது அது, பொட்டலம்?

சங்கிலி: பனங்கிழங்கு. அம்மா அவிச்சு ஏரல் பஸ் கண்டக்டர்கிட்ட குடுத்து விட்டா. நாலு நாளா நான் வீட்டுக்கே போகலல்லா.

தேவதாசன்: நாலு நாளா இந்த மாடியிலயா கெடந்த?

சங்கிலி: இங்கனதான். நீதான் சனிக்கெழமையிலருந்து கம்ப்யூட்டர் சென்டர் பக்கமே வரல. காய்ச்சலோன்னு நெனைச்சேன்… ஏலே, தொலிய உரிச்சிட்டுத் தின்னு. மாடு மாதிரி கடிக்க.

தேவதாசன்: எனக்குத் தெரியும்லே.

சங்கிலி: தெரிஞ்ச லெட்சணந்தான். நார் பல்லுல தொங்குது. அது கெடக்கட்டும், காகிதம் எழுதிட்டியா?

தேவதாசன்: எந்தக் காகிதம்?

சங்கிலி: சென்டர் மொதலாளி அண்ணாச்சி கேட்டாருல்லா. என் கேம்ல நிறை என்ன, குறை என்னன்னு நீதான் பாத்து எழுதித் தரணும்னு.

தேவதாசன்: ஓ, அதுவா. எழுதணும்… எழுதலாம். என்ன அவசரம்?

சங்கிலி: வெள்ளிக்கெழம கடைசி நாளு. இன்னைக்குப் புதன்.

தேவதாசன்: தெரியும், தெரியும். போட்டிக்கு ஒரு சென்டருக்கு ஒரு பிளாப்பிதான் அனுப்பணும்னு அந்த மெட்ராஸ் கம்பெனிக்காரன் எதுக்குச் சட்டம் போட்டானோ. ரெண்டுன்னு சொல்லியிருந்தா ஒன் கேமும் போகும், என் பில்லு போடுத புரோகிராமும் போகும். நமக்குள்ள இந்தத் தொல்லையே கெடையாது.

சங்கிலி: ஜெயிச்சா ஒருத்தனுக்குத்தான வேலைங்கான்.

தேவதாசன்: ஒனக்கென்னலே, ஜெயிச்ச மாதிரிதான். சென்டர் பூரா ஒன் பக்கந்தான் நிக்கி.

சங்கிலி: நிக்கட்டும். இதுல போகலன்னா, சித்திரை பொறந்ததும் பம்பாய்ல எங்க மாமா கடையில நான் நிக்கணும். அய்யா டிக்கெட்டுக்கே சொல்லிட்டாரு. அங்கன போனா காலையில ஷட்டர் தூக்கணும், ராத்திரி எறக்கணும். கம்ப்யூட்டர எங்க கண்ணால பாக்க?

தேவதாசன்: …ம்.

சங்கிலி: அதனாலதான் கேக்கேன். எழுதும்போது எழுது. இப்ப வாயால சொல்லு. என்ன குறை?

தேவதாசன்: சொன்னா கோவப்படுவ.

சங்கிலி: பட மாட்டேன்.

தேவதாசன்: மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடுவ.

சங்கிலி: சொல்லுலே.

தேவதாசன்: மொதக் குறை, இன்னா இதுதான். இப்ப கரண்டு போச்சா? ஆறாம் நாள் வரைக்கும் வெசாரிச்சு வச்சிருப்பேன். போச்சு. திரும்ப முதல் நாள்லருந்து, முத்து காணாமப் போன அன்னையிலருந்து தொடங்கணும். பாதியில நிறுத்தி வைக்க ஒரு வழி கெடையாது. திருநெல்வேலியில இருந்துக்கிட்டு ஒரு கேம் எழுதுத, கரண்டு போகும்னு தோணலயா ஒனக்கு?

சங்கிலி: தோணல. சரியான குறைதான்.

தேவதாசன்: …ஒத்துக்கிட்டியே.

சங்கிலி: அடுத்தது சொல்லு.

தேவதாசன்: சத்தம். அலைச் சத்தம்னு ஒண்ணு வச்சிருக்க பாரு, தகரத்துல ஆணிய வச்சுக் கீறின மாதிரி. எங்கம்மா அடுக்களையிலருந்து ஓடி வந்து, என்னடா தேவா அதுன்னு கேக்கா. கடலும்மான்னேன்.

சங்கிலி: வீட்டுலயா வெளையாடின?

தேவதாசன்: ஆங்… அன்னைக்கு ஒரு நாளு. பிளாப்பியக் கொண்டுபோயி எங்க வீட்டு மிஷின்ல ஓடுதான்னு பாத்தேன். ஓடுதா இல்லையான்னு பாக்கணும்லா?

சங்கிலி: பாக்கணும், பாக்கணும். பொறவு?

தேவதாசன்: பொறவு சரித்திரம். எங்கப்பா பாளையங்கோட்டையில இருவது வருசமா சரித்திர வாத்தியாரு. அந்த வீட்டுப் பிள்ளகிட்டயே காதுல பூச்சுத்துதியே. சிப்பி குளிக்கவனுக்கு அவன் பொண்டாட்டி கஞ்சி கொண்டு வாராளே, தொட்டுக்கிட என்ன?

சங்கிலி: மொளகா வத்தல்.

தேவதாசன்: பாண்டியன் காலத்துல ஏதுலே மொளகா? அது பறங்கிக்காரன் கப்பல்ல வந்தது.

சங்கிலி: அப்படியா? நான் எங்க ஊர்க் கஞ்சிய நெனைச்சு எழுதிட்டேன்.

தேவதாசன்: அதான். பாதி நீயா நெனைச்சு எழுதினதுதான். சுங்கச்சாவடியில கண்ணாடிக் கூண்டு போட்ட லாந்தர் வெளக்கு தொங்குது. ராசா காலத்துல லாந்தர் வெளக்கு. அத வாங்க எந்தக் கடைக்குலே போனாரு பாண்டியரு?

சங்கிலி: ஹஹ… அதுவும் குறைதான்.

தேவதாசன்: என்னலே சிரிக்க? நான் ஒன்னய ஏசிக்கிட்டிருக்கேன்.

சங்கிலி: ஏசு. நல்லா இருக்கு கேக்க.

தேவதாசன்: ஒனக்கு என்னவோ ஆயிட்டு. போன வாரம் வரைக்கும் ஒரு புள்ளி தப்புன்னு சொன்னாச் சண்டைக்கு வருவ.

சங்கிலி: போன வாரம் நான் ஒரு கோட்டிக்காரப் பய. நீ சொல்லு.

தேவதாசன்: ஆளுக மூஞ்சியெல்லாம் மஞ்சக் காமால வந்த மாதிரி இருக்கு. ஒரு ஆளுகிட்ட மூணு கேள்விதான் கேக்கலாம்னு வச்சிருக்க, ஒண்ண விட்டுட்டா அன்னைக்குப் பொழுதே வீணு. காவக்காரன் துறையிலருந்து உப்பளத்துக்கு நடக்கதுக்குள்ள நான் போயி ஒரு காப்பி குடிச்சிட்டு வந்துருவேன். பொறவு அந்தப் பொம்பள.

சங்கிலி: எந்தப் பொம்பள?

தேவதாசன்: கடைசியில கரையில நின்னு அழுவுதாளே. புருசன நாடு கடத்திப் படகுல ஏத்திட்டாங்கன்னு. எந்தப் பட்டன அமுக்கினாலும் போக மாட்டா. படகு புள்ளியாகி மறையுத வரைக்கும் நிக்கா. நாமளும் உக்காந்து பாக்கணும். எதுக்கு அது? துப்பு துலக்குத கேம்ல எதுக்கு ஒரு அழுகை?

சங்கிலி: …அவளப் பாத்தியா நீ?

தேவதாசன்: பாக்காமலா சொல்லுதேன்?

சங்கிலி: ம்.

தேவதாசன்: என்ன ம்?

சங்கிலி: ஒண்ணுமில்ல. இன்னொரு கிழங்கு எடு.

தேவதாசன்: இது குறைக் கணக்குல வராது, ஆனா கேம் ரொம்ப லேசுலே. கள்ளனப் புடிக்கதுக்கு அரை மணி நேரம் போதும். மெட்ராஸ்காரன் பாத்தாச் சிரிப்பான்.

சங்கிலி: அப்படியா? யாரு கள்ளன்?

தேவதாசன்: ஆங்?

சங்கிலி: அரை மணி நேரத்துல புடிச்சியே. யாரு?

தேவதாசன்: அதான்… அது எல்லாருக்கும் தெரியுமே. மொதல்லயே தெரிஞ்சிருதே.

சங்கிலி: பேரச் சொல்லேன்.

தேவதாசன்: என்னலே, எழுதின ஒனக்குத் தெரியாதா? என்கிட்டப் பரீட்சை வைக்க. கரண்டு வரட்டும், காட்டுதேன்.

சங்கிலி: சரி, வரட்டும். நிறை ஒண்ணும் இல்லையாலே?

தேவதாசன்: இருக்கும்… பாக்கணும்.

சங்கிலி: ஒண்ணுகூடத் தோணலயா?

தேவதாசன்: எதுக்கு என் வாயக் கிளறுத? அதான் சொல்லதுக்கு ஊர்ப்பட்ட ஆளு இருக்காங்கல்லா ஒனக்கு. பாத்திமா மிஸ் சொல்லலயா?

சங்கிலி: மிஸ் என்ன சொன்னாங்க?

தேவதாசன்: நடிக்காத. நீ இங்க சேந்து ஒரு வருசம் இருக்குமா? அதுக்கு முன்னால ரெண்டு வருசம் இந்த மாடியில நான்தாம்லே மொத ஆளு. யாருக்கு எது ஓடலன்னாலும் தேவாவக் கூப்பிடுன்னுதான் மிஸ் சொல்லுவாங்க. என் பில்லு புரோகிராம் மூணு மாச வேலை. ஒரு பைசா தப்பாது. அதக் காட்டினேன். நின்னுக்கிட்டே பாத்தாங்க. கணக்கு சரியா வருது தேவான்னாங்க. அவ்வளவுதான், அடுத்த மிஷினுக்குப் போயிட்டாங்க. ஒன் கேமக் காட்டின அன்னைக்கு நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. மணி ரெண்டரை. கொண்டு வந்த சோத்தத் தொறக்கல. அன்னா, அந்த அலமாரிப் பக்கத்துல நின்னு நான் பாத்துக்கிட்டே இருந்தேன்.

சங்கிலி: நீ அங்கன நின்னியா? நான் பாக்கலயே.

தேவதாசன்: ஒனக்கு எங்க கண்ணு தெரியும் அன்னைக்கு? பன்னெண்டு பேரு ஒன்னச் சுத்தி நிக்கான். வயிறு எரிஞ்சிது எனக்கு. சொல்லதுக்கு என்ன வெக்கம், எரிஞ்சிது. எங்கப்பா கடன உடன வாங்கி வீட்டுல கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருக்காரு. நீ சர்டிபிகேட்டுல எழுத எடம் பத்தாத பேர வச்சுக்கிட்டு, சங்கிலிபூதத்தான்னு வந்து நிக்க. கொற்கைப் பக்கத்துலருந்து ரெண்டு பஸ் மாறி வார. மிஷினு எப்பக் காலியாகும்னு ஒக்காந்திருந்து தட்டுத. ஒனக்கு எங்கன இருந்துலே வருது இதெல்லாம்?

சங்கிலி: எதெல்லாம்?

தேவதாசன்: அந்தக் கால்தடம். காலையில போனா மணல்ல கால்தடம் இருக்கு, சாயங்காலம் போனா அலை வந்து அழிச்சிட்டுப் போயிருது. ஒண்ணுமே சொல்ல மாட்ட நீ. நாமளாத்தான் கண்டுபிடிக்கணும், காலையில வந்திருக்கணும்னு. அதக் கண்டுபிடிச்ச அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல. பொறவு ஒருத்தன்கிட்ட முன்னால என்ன கேட்டோம்னு அடுத்தவனுக்குத் தெரிஞ்சிருது. உப்பளத்தான மெரட்டினா, மறுநாள் துறையில ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான். ஊரு அப்படித்தான இருக்கும். பொறவு அந்தச் சிப்பிக் குவியல்… நாலு கோடுதாம்லே போட்டிருக்க. எனக்கு அழுகுத நாத்தம் மூக்குல அடிச்சிது. இப்ப கொற்கையில கடலே கெடையாதே. நாலு மைலு தள்ளிப் போயிட்டே.

சங்கிலி: புன்னைக்காயலுக்குப் போயி நின்னு பாத்தேன். ஒரு நாள் பூரா. அலை எப்ப ஏறுது, எப்ப எறங்குதுன்னு.

தேவதாசன்: பாத்தியா? இதத்தான் சொல்லுதேன். எனக்கு அது தோணியிருக்காது.

சங்கிலி: அப்ப இதெல்லாம் நிறைதான?

தேவதாசன்: நான் அப்படிச் சொல்லல.

சங்கிலி: சொன்ன.

தேவதாசன்: பேச்சுக்குச் சொன்னேன். ஆனா இவ்வளவும் யோசிச்சவன் கடைசியில கோட்ட விட்ட பாரு, அதுதான் பெரிய குறை. கேக்கியா?

சங்கிலி: கேக்கேன்.

தேவதாசன்: நீ தின்னுக்கிட்டிருக்கியே, இதான்.

சங்கிலி: கிழங்கா?

தேவதாசன்: துறையில கூடை வச்சிக்கிட்டு ஒருத்தி இருக்காளே. நான் கொற்கைக்காரிதான் ஐயா, கிழங்கு விக்கேன், இப்பத்தான் தோண்டி அவிச்சது, சூடா இருக்குங்கா. முத்துக் குளிப்பு எப்ப? சித்திரையில. நீயேதான் மொதப் பக்கத்துல எழுதியிருக்க, சித்திரை மாதம்னு. சித்திரையில எவன்லே பனங்கிழங்கு தோண்டுவான்? நுங்கும் பதநியும் விக்க காலம் அது. கிழங்கு தையிலல்லா வரும், இன்னா இப்ப வந்த மாதிரி. டவுண்ல பொறந்த எனக்கே தெரியுது. என்ன, முழிக்க? அவசரத்துல எழுதிட்டேன்னு சொல்லு, தப்பில்ல.

சங்கிலி: அதையும் எழுதப் போறியா?

தேவதாசன்: எழுதத்தான வேணும். அண்ணாச்சி நம்பிக் கேட்டிருக்காரு.

சங்கிலி: ஏலே தேவா.

தேவதாசன்: என்ன?

சங்கிலி: எழுதியாச்சேலே.

தேவதாசன்: …என்னது?

சங்கிலி: சனிக்கெழமையே எழுதிக் குடுத்துட்ட. இன்னா, என் பையிலதான் இருக்கு. நீலப் பேனா. ஒன்பது குறை, நம்பர் போட்டு வரிசையா. நிறைன்னு ஒத்த வரி. "தமிழில் உள்ளது." நீயாச் சொல்லுவன்னு பாத்தேன். அதுக்குத்தான் காகிதம் எழுதிட்டியான்னு கேட்டேன்.

தேவதாசன்: அண்ணாச்சி… அத ஒன்கிட்டயா குடுத்தாரு? யார்கிட்டயும் காட்ட மாட்டேன்னு சொன்னாரேலே.

சங்கிலி: எனக்கும் மொத ஒண்ணும் ஓடல. படிச்சிட்டு ஒன்னத் தேடித்தான் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறப் போனேன். அடிச்சுப் போட்டிருப்பேன் அன்னைக்கு. அண்ணாச்சிதான் கையப் புடிச்சு உக்கார வச்சாரு. ஜவுளிக்கடை வச்சிருந்த காலத்துல, சேலை கொள்முதலுக்குப் போனா எதுத்த கடைக்காரன்கிட்டத்தான் காட்டுவாராம். சொந்தக்காரனுக்குக் காட்டினா பளபளன்னு இருக்குன்னுவான், போட்டிக்காரன்தான் வெளிச்சத்துல புடிச்சு, எங்கெங்க இழை விட்டிருக்குன்னு ஒண்ணு விடாம எண்ணிச் சொல்லுவானாம். அதுக்குத்தாம்லே தேவாகிட்டக் குடுத்தேன்னாரு. இதப் பாத்துச் சரி பண்ணு, செவ்வாக்கெழம கொண்டான்னாரு.

தேவதாசன்: சரி பண்ணவா? அவரு என்கிட்ட… எது போகணும்னு முடிவு பண்ணத்தான்னு நெனைச்சேன்.

சங்கிலி: அவரு எங்க அப்படிச் சொன்னாரு? நிறை குறை எழுதிக் குடுன்னுதான சொன்னாரு. மத்தது நீயா நெனைச்சது.

தேவதாசன்: …அப்ப என் பில்லு புரோகிராம்?

சங்கிலி: அது அவருக்கே வேணுமாம். கடை போட்டிருக்க தம்பிக்கு.

தேவதாசன்: ஓ.

சங்கிலி: நாலு நாளு. பாத்திமா மிஸ் சாவிய என்கிட்டயே குடுத்துட்டாங்க. பாதியில நிறுத்தி வைக்க வழி பண்ணியாச்சு. மொளகா வத்தல எடுத்துட்டு உப்புக் கருவாடு. லாந்தருக்குப் பதிலா அகலு. அலைச் சத்தம் இப்ப அலை மாதிரி இருக்கு, ஒங்கம்மா பயப்பட மாட்டா. எட்டையும் சரி பண்ணி, நேத்து சாயங்காலம் கூரியர்ல போட்டாச்சு.

தேவதாசன்: போட்டாச்சா…

சங்கிலி: நெசமாச் சொல்லுதேன், வேற எவனும் இப்படிப் பாத்திருக்க மாட்டான். நம்ம மிஸ்கூட.

தேவதாசன்: எட்டுன்னா? ஒன்பதுல்லா எழுதினேன்.

சங்கிலி: எட்டாவது நம்பரு அந்த அழுவுத பொம்பள. இப்ப ஒரு பட்டன அமுக்கினாப் போயிருவா. பாவம், எத்தன வாட்டி அவளப் பாத்தியோ.

தேவதாசன்: என்ன எத்தன வாட்டி? எல்லாருக்குந்தான வருவா.

சங்கிலி: இல்லையே. குத்தம் செய்யாதவன மாட்டி விட்டாத்தான் அவ கரைக்கு வருவா. சரியாச் சொன்னவன் கண்ணுல அவ படவே மாட்டா.

தேவதாசன்: …சரி, ஒன்பதாவது என்னாச்சு?

சங்கிலி: ஒன்பதாவதத்தான் நான் தொடல.

தேவதாசன்: கிழங்கையா? ஏம்லே? அதுதான பெரிய தப்பு.

சங்கிலி: எங்கம்மா அவிச்சத வாயில வச்சிக்கிட்டே சொல்லுத. எங்க வீட்டுப் பின்னால வருசா வருசம் பனங்கொட்டை புதைச்சு, தை பொறந்ததும் மண்ணக் கீறி எடுக்கது நான்தாம்லே. எந்த மாசத்துல கிழங்கு வரும்னு எனக்கா தெரியாது?

தேவதாசன்: பொறவு எதுக்கு அப்படி…

சங்கிலி: நான் சொல்லல. அவ சொல்லுதா. கொற்கைக்காரின்னு சொல்லிக்கிட்டு ஒருத்தி சித்திரையில, கிழங்கு இப்பத்தான் தோண்டினதுங்கா. பனையே இல்லாத ஊருலருந்து வந்தவதான அப்படிச் சொல்லுவா? கூடைய வெலக்கிப் பாரு, காணாமப் போன பன்னெண்டு முத்தும் அடியில கெடக்கும்.

தேவதாசன்: …

சங்கிலி: என்னவே, அரை மணி நேரத்துல புடிச்சவரு பேசவே மாட்டேங்கீரு?

தேவதாசன்: பதிமூணு நாளுலே. காகிதம் குடுத்த பொறவும், நேத்து வரைக்கும்… தெனமும் அந்த அழுவுதவ புருசன், படகுக்காரனத்தான் புடிச்சு நாடு கடத்தினேன். கூடைக்காரி கிழங்குன்னு சொல்லும்போதெல்லாம், இந்தப் பயலுக்கு மாசங்கூடத் தெரியலயேன்னு எவ்வளவு சந்தோசப்பட்டேன் தெரியுமா?